காக்கி கலர்ல இருந்தா பிளாஸ்டிக் இல்லைனு அர்த்தமா?

கேள்வி: வணக்கம் சார். நான் பெருந்துறை பக்கத்துல இருந்து எழுதறேன். மூணு வருஷமா வீட்டுல இருந்தே மரச்செக்கு எண்ணெய், கையில செய்யற சோப்பு, சீயக்காய் பொடி எல்லாம் இன்ஸ்டால ஆர்டர் எடுத்து அனுப்பிட்டு இருக்கேன். எண்ணெய் 1 லிட்டர் கண்ணாடி பாட்டில்ல போகுது. இப்போதைக்கு பபிள் ராப் சுத்தி, அட்டைப்பெட்டில வெச்சு, பிரவுன் டேப் ஒட்டி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கொரியர் கவர் போட்டு அனுப்பறேன். போன மாசம் சென்னைல ஒரு கஸ்டமர், பார்சல் பிரிச்ச குப்பையை போட்டோ எடுத்து "இயற்கைப் பொருள்னு தானேங்க உங்ககிட்ட வாங்கினேன்"னு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் மனசே சரியில்ல. எல்லாத்தையும் மாத்திடலாம்னு விசாரிச்சா ஒருத்தர் காக்கி பேப்பர்ல வர்ற கிராஃப்ட் பவுச்சுக்கு கொட்டேஷன் தராரு, இன்னொருத்தர் மக்கும் கொரியர் கவர்ங்கறாரு, எங்க அத்தை காடா துணில பை தச்சு அனுப்பலாம்ங்கறாங்க. பாட்டில் உடையுமோ, மழைக்கு தாங்குமோ, செலவு கட்டுபடியாகுமோனு பயமா இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கறது சார்?

பதில்: வணக்கம்மா. முதல்ல அந்த கஸ்டமர் மேல வருத்தப்படாதீங்க, பிடிக்கலைனா சத்தம் போடாம அடுத்த தடவை வேற கடைக்கு போயிடறவங்க தான் ஜாஸ்தி, இவங்க உங்ககிட்ட உரிமையா சொல்லியிருக்காங்க, அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு.

கொட்டேஷன் எல்லாத்தையும் ஒரு ஓரமா வெச்சுட்டு, ஒவ்வொரு பேக்கிங் பொருளையும் கையில எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க, கஸ்டமர் வீட்டுல பிரிச்ச பிறகு இது எங்க போகும்? அட்டைப்பெட்டினா பழைய பேப்பர்காரர் எடை போட்டு காசு கொடுத்து எடுத்துட்டு போவாரு, அது மில்லுக்கு போய் மறுபடி கிராஃப்ட் பேப்பரா வரும், இந்த வழி நம்ம ஊர்ல எத்தனையோ வருஷமா தானா நடந்துட்டு இருக்கு, யாரும் புதுசா ஏற்பாடு பண்ண வேண்டியதில்ல. அதே பெட்டில இருந்த பபிள் ராப், டேப் ஒட்டி சுருண்டு கிடக்கற கொரியர் கவர், இதையெல்லாம் அவர் தொடக்கூட மாட்டாரு, அது நேரா குப்பைக்கு தான். நான் இத்தனை வருஷமா பெட்டி கம்பெனிங்களுக்கும் உங்கள மாதிரி சின்ன வியாபாரம் பண்றவங்களுக்கும் பேக்கிங் போட்டுக் கொடுத்துட்டு இருக்கேன், பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங்கானு முடிவு பண்ண இதைவிட நேரான அளவுகோல் எனக்கு தெரியல.

இப்ப அந்த கிராஃப்ட் பவுச்சுக்கு வரேன், ஏன்னா ஏமாறுற இடமே அது தான். காக்கி கலர்ல, ஜிப் வெச்சு, பார்க்க அவ்ளோ இயற்கையா இருக்கும். சேம்பிள் வாங்கி ஓரத்தை மெதுவா கிழிச்சுப் பாருங்க. வெறும் பேப்பர்னா நார் நாரா கிழியும், உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் இருந்தா பேப்பர் கிழிஞ்ச பிறகும் ஒரு மெல்லிசான தாள் இழுத்துட்டு நீளும். அப்பவும் சந்தேகம்னா ஒரு துண்டு வெட்டி ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சு காலைல கசக்குங்க, பேப்பர் கூழா போயிடும், கண்ணாடி மாதிரியோ வெள்ளி மாதிரியோ ஒரு தாள் மட்டும் கையில மிஞ்சும், அது தான் பிளாஸ்டிக். பொடி போட்டு மாசக்கணக்குல கெடாம இருக்கும்னு விக்கற பவுச் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான், ஏன்னா வெறும் பேப்பர் ஈரத்தை தடுக்காது. பேப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்த்து ஒட்டினத பேப்பர் மில்லும் எடுக்காது பிளாஸ்டிக் உருக்கறவரும் எடுக்க மாட்டாரு, அந்த வகைல சாதா ஒரே ரக பிளாஸ்டிக் கவர விட இது மோசம்னு தான் நான் சொல்லுவேன். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை பிளாஸ்டிக்க தடை பண்ணாங்கல்ல, அந்த லிஸ்ட்லயே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் இருக்கு, அதாவது மேல பேப்பரா இருந்தாலும் உள்ள பூசியிருந்தா அது பிளாஸ்டிக் கணக்கு தான்னு அரசாங்கமே எடுத்துக்கிட்டாங்க. இதையே உங்க அளவுகோலாவும் வெச்சுக்கோங்க.

மக்கும் கொரியர் கவர் விஷயமும் கொஞ்சம் பொறுமையா பாக்கணும். கம்போஸ்டபிள்னு விக்கணும்னா நம்ம நாட்டுல ஐஎஸ் 17088 தரத்துக்கு டெஸ்ட் பண்ணி மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட சர்டிபிகேட் இருக்கணும், அதை கேளுங்க, காட்டலைனா அந்தப் பேச்சை அங்கயே விட்டுடுங்க. சர்டிபிகேட் இருந்தாலும் அந்த தரம் சொல்றது பெரிய கம்போஸ்ட் ஆலைல, 58 டிகிரி கிட்ட சூட்டுல மக்கறத தான், உங்க கஸ்டமரோட பால்கனி தொட்டில போட்டா அது பாட்டுக்கு கிடக்கும். குப்பை பிரிக்கறவங்களுக்கும் பார்த்தா சாதா கவர் மாதிரியே தெரியும், அங்க கலந்துடும். 'பயோ டீகிரேடபிள்'னு மட்டும் போட்டு எந்த தரமும் எழுதாம வர்ற கவர் பக்கமே போகாதீங்க. உங்க பொருள் எல்லாம் ஏற்கனவே பெட்டில தான் போகுது, அப்புறம் அந்த மேல் கவர் எதுக்கு? அதுக்கு மாத்து தேடாம அதையே எடுத்துடுங்க. பெட்டி மேல நேரா அட்ரஸ் ஒட்டுங்க, தீர்ந்தது. இது தான் உங்க முதல் மாத்தம், இதுக்கு செலவு ஒண்ணும் இல்ல, மிச்சம் தான்.

அடுத்தது டேப். பிரவுன் டேப் பிளாஸ்டிக், அது ஒட்டின அட்டையும் மில்லுல தொல்லை தான், கூழ் காய்ச்சும்போது தனியா பிரிச்சு எடுக்கணும். அதுக்கு பதிலா தண்ணி தொட்டு ஒட்டற பேப்பர் கம் டேப் வாங்குங்க, பின்னாடி ஸ்டார்ச் பசை இருக்கும், ஈர ஸ்பாஞ்ச்ல ஒரு இழுப்பு இழுத்து பெட்டி மேல வெச்சு கையால நல்லா அழுத்தி பத்து பதினஞ்சு செகண்ட் பிடிச்சா போதும், பசை அட்டையோட நாருக்குள்ள இறங்கி காய்ஞ்சுடும், அப்புறம் பிரிக்கணும்னா அட்டை தோலோட தான் வரும், நடுவுல யாராவது பிரிச்சுப் பார்த்திருந்தாலும் தெரிஞ்சுடும். எண்ணெய் பாட்டில் மாதிரி வெயிட் பெட்டிக்கு நடுவுல ஒரு நீளம், ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணொண்ணுனு ஒட்டுங்க. ரெண்டு விஷயம் மட்டும் கவனம், ரோலை ஈரம் படாத இடத்துல மூடி வைங்க இல்லைனா ரோலோட ஒட்டிக்கும், அப்புறம் மினுமினுப்பு லேமினேஷன் போட்ட பெட்டில இது ஒட்டாது, சாதா காக்கி பெட்டில தான் பிடிக்கும். மெஷின் எல்லாம் இப்ப வேண்டாம், ஒரு கிண்ணமும் ஸ்பாஞ்சும் போதும். லேபிளுக்கு சாதா பேப்பர்ல லேசர் பிரிண்ட் எடுத்து பசையால ஒட்டுங்க, இங்க்ஜெட்னா ஒரு தூறலுக்கே அட்ரஸ் கரைஞ்சுடும். பெட்டிக்கு உள்ளயும் ஒரு சீட்டுல பேர் அட்ரஸ் போன் நம்பர் எழுதிப் போடுங்க, மேல இருக்கறது கிழிஞ்சாலும் பார்சல் அனாதையா போகாது.

இனி பாட்டில். நீங்க பயப்படற இடமும் இது தான், நியாயமான பயம், ஏன்னா ஒரு பாட்டில் உடைஞ்சா எண்ணெய் போச்சு, கண்ணாடி போச்சு, கொரியர் காசு போச்சு, பக்கத்துல இருந்த நாலு பேர் பார்சலும் எண்ணெயா போச்சு, பிளாஸ்டிக்க மிச்சம் பிடிச்ச புண்ணியம் எல்லாம் அதுலயே கழிஞ்சுடும். அதனால பேப்பருக்கு மாறும்போது பாதுகாப்பு குறையவே கூடாது. பபிள் ராப்புக்கு நேர் மாத்துனு தேன்கூடு பேப்பர் ஒண்ணு விக்கறாங்க, இழுத்தா வலை மாதிரி விரியும், நல்ல பொருள் தான், ஆனா உங்க பாட்டிலுக்கு என் முதல் சாய்ஸ் ரெண்டு ப்ளை, அதாவது ரெண்டு அடுக்கு அட்டை ரோல். ஃபர்னிச்சர் கடைல கட்டில் பீரோவுக்கு சுத்தி அனுப்புவாங்களே, ஒரு பக்கம் வரி வரியா இருக்குமே அது. வரி பாட்டிலோட நெட்டுக்கு வர்ற மாதிரி வெச்சு சுத்தினா அழகா வளைஞ்சு ஒட்டி நிக்கும், ரெண்டு சுத்து சுத்தி கம் டேப் ஒரு துண்டு. கழுத்துப் பகுதி ஒல்லியா இருக்கறதால அங்க மட்டும் தனியா ஒரு பட்டை கூட சுத்தி உடம்போட சமமாக்கிடுங்க, கீழ விழும்போது பெரும்பாலும் விட்டுக் கொடுக்கறது அந்த கழுத்து தான்.

பெட்டிக்கு வாங்க. பாக்ஸ்காரர்கிட்ட போய் நல்லா ஸ்ட்ராங்கா வேணும்னு கேட்டா அவர் கையில இருக்கறத கொடுப்பாரு. 5 ப்ளை, பேப்பர் எத்தனை ஜிஎஸ்எம், எத்தனை பிஎஃப்னு கேளுங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை கிராம்ல, பிஎஃப் அது எவ்ளோ அழுத்தத்துக்கு வெடிக்காம தாங்கும்ங்கறதுக்கான எண், ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும்னு வந்துடும். 150 ஜிஎஸ்எம் 20 பிஎஃப் பேப்பர்னா 3 கிலோ, அதே 150 ஜிஎஸ்எம் 16 பிஎஃப்னா 2.4 தான், கண்ணால பார்த்தா ரெண்டும் ஒரே காக்கி. வெளிப்பக்க பேப்பர் 20 பிஎஃப்க்கு குறையாம கேளுங்க. மேலயும் கீழயும் மடிச்சு மூடற சாதா யூனிவர்சல் பெட்டி போதும், அதுக்கு டை, அதாவது வெட்டற அச்சு, அடிக்கற செலவு கிடையாது.

அளவு தான் உங்க பணம். கொரியர்காரங்க பெட்டியோட நீள அகல உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000 ஆல வகுத்து ஒரு எடை கணக்கு போடுவாங்க, அதுவும் நிஜ எடையும் எது ஜாஸ்தியோ அதுக்கு தான் பில். உங்க 1 லிட்டர் பாட்டில் சுமாரா 28 சென்டி உயரம் எட்டரை சென்டி அகலம்னு வெச்சுக்கலாம், எண்ணெயும் கண்ணாடியும் சேர்ந்து ஒன்றரை கிலோ வரும். 40க்கு 25க்கு 20னு கையில கிடைச்ச பெட்டில போட்டா 4 கிலோவுக்கு காசு கட்டுவீங்க, உள்ள இருக்கற வெற்றிடத்தை நிரப்ப பேப்பரும் அள்ளி அள்ளி போகும். அதே பாட்டிலுக்கு 35க்கு 15க்கு 15 பெட்டி போட்டா 1.575 கிலோ, கிட்டத்தட்ட நிஜ எடையே வந்துடுச்சு, எல்லா பக்கமும் மூணு சென்டிக்கு மேல இடமும் இருக்கு, அதுல தான் அட்டை ரோல் சுத்தும் மீதி அட்டைத் துண்டுகளும் உட்காரணும். பிளாஸ்டிக் இல்லாம பண்ணா செலவு ஏறிடும்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு செலவு ஏறினது பேப்பரால இல்லம்மா, பெட்டி அளவு சரியில்லாததால. உங்க ஆர்டர்ல எது எது சேர்ந்து சேர்ந்து போகுதுனு ரெண்டு மாச பில்லை எடுத்து உட்கார்ந்து பாருங்க, ஒரு பாட்டில், ரெண்டு பாட்டில், சோப்பும் பொடியும்னு மூணு அளவு பெட்டில முக்கால்வாசி ஆர்டர் அடங்கிடும்னு நினைக்கறேன். ரெண்டு பாட்டில் போற பெட்டில நடுவுல கண்டிப்பா அட்டைத் தடுப்பு வேணும், கண்ணாடியும் கண்ணாடியும் தொடவே கூடாது.

ஆயிரம் பெட்டி ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி பத்து பெட்டி சேம்பிள் வாங்கி வீட்டுலயே டெஸ்ட் பண்ணுங்க. பாட்டில்ல எண்ணெய்க்கு பதில் தண்ணி ஊத்தி, அனுப்பற மாதிரியே பேக் பண்ணி, முதல்ல காதுகிட்ட வெச்சு குலுக்குங்க, உள்ள ஏதாவது நகர்ற சத்தம் கேட்டா பேக்கிங் பத்தாது. அப்புறம் மேஜை உயரத்துல இருந்து, சரியா சொன்னா 76 சென்டில இருந்து, சிமெண்ட் தரைல பத்து தடவை விடுங்க, ஒரு மூலை, அந்த மூலைல சேர்ற மூணு ஓரம், ஆறு பக்கம். உலகம் பூரா சின்ன பார்சலுக்கு பண்ற டெஸ்ட்ல இதுவும் ஒண்ணு, லேப் இல்லைனாலும் வாசல்ல பண்ணிடலாம். பத்தும் தாங்கினா அந்த பேக்கிங்க நம்பலாம், ஆறாவதுல உடைஞ்சா எங்க உடைஞ்சுதுனு பார்த்து அங்க மட்டும் அட்டை கூட்டுங்க. ஒழுகல் டெஸ்ட் தனி, எண்ணெய் பாட்டிலை மூடி போட்டு ஒரு வெள்ளைப் பேப்பர் மேல படுக்க வெச்சுட்டு தூங்குங்க, காலைல பேப்பர்ல வட்டம் தெரிஞ்சா மூடி சரியில்ல. எண்ணெய கழுத்து வரை நிரப்பாதீங்க, 25 டிகிரில நிரப்பின 1 லிட்டர் எண்ணெய் மே மாச லாரிக்குள்ள 45 டிகிரிக்கு போனா சுமாரா 14 மில்லி விரியும், அதுக்கு இடம் இல்லைனா மூடி வழியா தான் வெளிய வரும். அந்த மூடியும் உள்ள இருக்கற சின்ன வளையமும் பிளாஸ்டிக்கா இருக்கலாம், இருக்கட்டும். அதை எடுக்கப் போய் எண்ணெய் ஒழுகினா யாருக்கும் நல்லதில்ல.

சோப்புக்கு பிளாஸ்டிக்கே தேவையில்லம்மா, நல்லா காய்ஞ்ச சோப்பை சாதா பேப்பர்ல சுத்தி சின்ன அட்டைப்பெட்டில போட்டாலே போதும், பிளாஸ்டிக்ல இறுக்கி சுத்தினா மழை நாள்ல வியர்த்து ஊத்தறத நீங்களே பார்த்திருப்பீங்க. பொடிக்கு தான் எனக்கும் சுலபமான பதில் இல்ல. சீயக்காய் ஈரம் இழுக்கும், கட்டி கட்டும், பூச்சி வரும். டின் டப்பாவோ கண்ணாடி ஜாரோ கட்டுபடியானா அது, இல்லைனா இப்போதைக்கு சாதா ஒரே ரக பிளாஸ்டிக் கவர்லயே போடுங்க, அந்த வெள்ளிப் பூச்சு பவுச்சுக்கு மட்டும் போகாதீங்க. எண்ணெய், சோப்பு, பொடி மூணையும் ஒரே பெட்டில போட்டா பொடில சோப்பு வாசனை ஏறிடும், நடுவுல தடுப்பு வைங்க. இடம் நிரப்ப பழைய நியூஸ்பேப்பர் போடறவங்க இருக்காங்க, சீல் பண்ண பாட்டிலுக்கு வெளிய தான்னாலும் இங்க் லேபிள்ல ஒட்டும், உணவுப் பொருள் நியூஸ்பேப்பர்ல படவே கூடாதுனு உணவு பாதுகாப்பு விதியே இருக்கு, அதனால பாக்ஸ் கம்பெனில மிஞ்சற கட்டிங் அட்டைத் துண்டுகள மூட்டையா கேட்டு வாங்கிக்கோங்க, சல்லிசா கிடைக்கும். வைக்கோல் வேண்டாம், ஈரமும் பூச்சியும் கூடவே வரும், நாளைக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தா ஆஸ்திரேலியா மாதிரி நாடுங்கள்ல வைக்கோல் பேக்கிங்க உள்ளயே விட மாட்டாங்க.

உங்க அத்தை சொன்ன காடா துணி யோசனை எனக்கு ரொம்ப பிடிச்சது, அந்தக் காலத்துல போஸ்ட் ஆபீஸ் பார்சல்னாலே துணில தச்சு அரக்கு வெச்சு தானே அனுப்புவாங்க, ஈரோட்டுல காடாவுக்கு பஞ்சமும் இல்ல. ஆனா ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பைனு அனுப்பினா மாசாமாசம் வாங்கற கஸ்டமர் வீட்டுல பை குவிஞ்சுடும், பருத்தி விளையவும் நெய்யவும் தண்ணியும் கரண்டும் போயிருக்கு, அதை ஒரு தடவை பிரிச்சுட்டு தூக்கிப் போட்டா அதுவும் வீண் தான். முதல் ஆர்டருக்கு மட்டும் ஒரு பை, காய்கறி வாங்க எடுத்துட்டு போற சைஸ்ல, கைப்பிடி வெச்சு தச்சுக் கொடுங்க. அரசாங்கம் மஞ்சப்பைய மறுபடி கொண்டு வரணும்னு 2021 கடைசில இயக்கமே ஆரம்பிச்சாங்க, உங்க பையும் அப்படி வருஷக்கணக்குல புழங்கற மாதிரி இருக்கட்டும்.

மழை பத்தி கேட்டிருந்தீங்க. ஐப்பசி கார்த்திகைல சென்னை பக்கம் போற பார்சலுக்கு நான் சும்மா தைரியம் சொல்ல மாட்டேன், காத்துல ஈரம் ரொம்ப ஏறினாலே அட்டை பாதி வலுவை இழந்துடலாம், நனைஞ்சா சொல்லவே வேண்டாம். மெழுகு பூசின பெட்டி தீர்வு இல்ல, அதையும் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டாரு. அந்த ரெண்டு மூணு மாசம் 5 ப்ளைக்கு கீழ எதையும் அனுப்பாதீங்க, பேக் பண்ண பெட்டிய தரைல வைக்காம பலகை மேல வைங்க, பிக்கப் வர்ற நேரத்துக்கு தான் வெளிய எடுங்க. புயல் எச்சரிக்கை இருந்தா ரெண்டு நாள் தாமதமா அனுப்பறேன்னு கஸ்டமருக்கு மெசேஜ் போட்டுடுங்க, புரிஞ்சுப்பாங்க. கொரியர் ஆபீஸ்ல சில இடத்துல அவங்களே ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டி தான் எடுப்போம்னு சொல்லுவாங்க, கவுண்ட்டர்ல நிக்கும்போது வாதாட முடியாது, முன்னாடியே மேனேஜர்கிட்ட பேசி, டேப் ஒட்டின பெட்டிய காட்டி, பெட்டியாவே எடுத்துக்கறேன்னு ஒத்துக்கறவங்கள பிடிச்சுக்கோங்க, மாசம் இத்தனை பார்சல் தரேன்னு சொன்னா பெரும்பாலும் இறங்கி வருவாங்க. பெரிய கம்பெனிங்களே மாறிட்டாங்கம்மா, அமேசான் 2020லயும் பிளிப்கார்ட் 2021லயும் இந்தியால அவங்க சொந்த கிடங்குங்கள்ல ஒருமுறை பயன்படுத்தி தூக்கிப் போடற பிளாஸ்டிக் பேக்கிங்க எடுத்துட்டோம்னு அறிவிச்சாங்க, காத்துப்பை இருந்த இடத்துல பேப்பர் மெத்தை வந்துச்சு. கண்ணாடி பாட்டிலும் பேப்பர்ல போகுது, போய் சேருது.

கையில இருக்கற பபிள் ராப்பை தூக்கிப் போடாதீங்க, காசு கொடுத்து வாங்கினது, மும்பை டெல்லினு தூரமா போற பாட்டிலுக்கு போட்டு தீர்த்துட்டு புதுசு வாங்காம நிறுத்துங்க. இந்த மாசம் கவரும் டேப்பும், டெஸ்ட் முடிஞ்சதும் அட்டை ரோலும் புது அளவு பெட்டியும், பொடி கவர் கடைசில. அது வரைக்கும் பேஜ்ல '100 சதவீதம் பிளாஸ்டிக் இல்லை'னு போட்டுடாதீங்க. 2024ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சுற்றுச்சூழல் பேரைச் சொல்லி பண்ற பொய் விளம்பரத்துக்கு எதிரா வழிகாட்டு நெறி கொண்டு வந்துட்டாங்க, சுற்றுச்சூழலுக்கு நல்லதுனு பொத்தாம் பொதுவா சொன்னா எதை வெச்சு சொல்றீங்கனு காட்டணும். உள்ளத உள்ளபடி ஒரு சின்ன சீட்டுல எழுதி பெட்டில போடுங்க, "பெட்டி, டேப், உள் அட்டை எல்லாம் பேப்பர், அப்படியே பழைய பேப்பர் கடைக்கு போடலாம். பாட்டில் மூடியும் பொடி கவரும் மட்டும் பிளாஸ்டிக், அதுக்கு வழி தேடிட்டு இருக்கோம்." போட்டோ அனுப்பின அந்த சென்னை கஸ்டமருக்கு முதல் புது பெட்டிய அனுப்பி எப்படி வந்து சேர்ந்துச்சுனு கேளுங்க, அவங்கள விட அக்கறையா பார்த்து சொல்றதுக்கு உங்களுக்கு வேற ஆள் கிடைக்க மாட்டாங்க.

பாட்டிலோட உயரம், அடி அகலம், கழுத்து அகலம், நிரப்பின எடை நாலையும் அளந்து எழுதுங்கம்மா, ரெண்டு பாட்டில் பெட்டிக்கான தடுப்பு அட்டை எப்படி வெட்டணும்னு அளவு போட்டு அனுப்பறேன், அதை அப்படியே பாக்ஸ்காரர்கிட்ட கொடுத்துடலாம்.